படிக்கிற பிள்ளை

“எப்பப் பாத்தாலும் படிச்சுக்கிட்டே இருக்கா சார். ஆனா படிக்க மாட்டேங்கா.”

2023 ஆகஸ்டில், பம்பாயில் நான் வேலை பார்க்கும் வங்கியில் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அண்ணாச்சி இதைச் சொன்னபோது எனக்கு உடனே புரிந்தது. நம் ஊரில் இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு காரியம் இருக்கிறது. பரீட்சைக்குப் படிப்பதும் படிப்புதான், கதைப்புத்தகம் படிப்பதும் படிப்புதான். முதலாவதற்கு ராத்திரி டம்ளரில் பால் வரும். இரண்டாவதற்கு லைட்டை அணைக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

அவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தடித்த புத்தகம், மேலே தினத்தந்தித் தாளில் அட்டை. என்ன புத்தகம் என்று கேட்டேன். பொன்னியின் செல்வன், நாலாம் பாகம். படம்தான் இரண்டு பாகமும் வந்துவிட்டதே, பார்க்கவில்லையா என்றேன்.

“பாத்தேன் சார். படத்துல முடிஞ்சிடுச்சு. புத்தகத்துல இன்னும் முடியலை.”

அவள் படித்தது இங்கிலீஷ் மீடியம். பள்ளியில் இந்தியும் மராத்தியும் உண்டு, தமிழ் கிடையாது. 2022 செப்டம்பரில் முதல் படம் பார்த்துவிட்டு வந்தவள், அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஏழு மாதம் காத்திருக்க முடியாமல் அப்பாவிடம் தமிழ் எழுத்துக் கேட்டிருக்கிறாள். அண்ணாச்சி தினத்தந்தித் தலைப்புகளை வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பெரிய எழுத்து, சுலபம். “நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன். மூணே மாசத்துல கடகடன்னு வாசிச்சா” என்றார். அப்புறம் குரலை இறக்கி, “இப்ப அதுவே வம்பாப் போச்சு” என்றார்.

புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். முதல் சில பக்கங்களில் கடினமான சொற்களின் தலைக்கு மேலே பென்சிலால் நாகரி எழுத்தில் உச்சரிப்பு எழுதியிருந்தாள். ‘ழ’ வரும் இடத்தில் மட்டும் ‘ல’வுக்கான எழுத்தைப் போட்டு அடியில் ஒரு சிறு வட்டம். அவளாகக் கண்டுபிடித்துக்கொண்ட அடையாளம். போகப் போகப் பென்சில் குறைந்து, நடுப்பக்கத்துக்கு மேல் இல்லவே இல்லை. கல்கி 1950-இல் வாராவாரம் எழுதத் தொடங்கிய தொடர்கதை. எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் போட்டி போட்டு மலிவாகப் போடுகின்றன. அதனால்தான் ஐந்து பாகமும் அவர்கள் வீட்டுக்குள் வர முடிந்தது. படம் இழுத்துவந்தது, விலை உள்ளே விட்டது, அப்பா எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் வந்தது கல்விக்கடனுக்கு. தனியார் கல்லூரியில் பி.இ., ஐ.டி. பிரிவு. வருடத்துக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஃபீஸ், மற்ற செலவெல்லாம் சேர்த்து ஐந்தரை லட்சம் கேட்டிருந்தார்கள். கல்லூரியில் பணம் கட்ட இன்னும் மூன்று நாள். அண்ணாச்சிக்கு இட்லி வியாபாரம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவித்து, ஆறு மணிக்குள் சைக்கிளில் பாத்திரம் கட்டி ஹாரன் அடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறவர். முழங்கைக்குக் கீழே ஆவி பட்ட தழும்புகள் வரிசையாக இருந்தன. தாசில்தார் கொடுத்த வருமானச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். நான் கோவில்பட்டிப் பக்கம், அவர் விளாத்திகுளம் பக்கம். ஊர்ப்பேச்சு பேசிக்கொண்டே தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவள் கேட்டாள்.

“சார், பி.ஏ. ஹிஸ்டரிக்கு லோன் உண்டா?”

அண்ணாச்சி அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“உண்டும்மா. ஆனா வட்டி மானியம் கிடையாது.”

“அப்ப வட்டியை யார் கட்டணும்?”

“அப்பாதான்.”

கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. மேஜை மேலிருந்த அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “எங்க சார் கையெழுத்துப் போடணும்?” என்றாள்.

இவ்வளவுதான் நடந்தது. இதில் நான் சொன்ன எதுவும் பொய் இல்லை. குடும்ப வருமானம் வருடம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிக்கிற காலத்துக்கும் அதற்கு மேல் ஒரு வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-இலிருந்து இருக்கிறது. அது தொழிற்படிப்புக்கும் தொழில்நுட்பப் படிப்புக்கும்தான். பி.ஏ.வுக்கு இல்லை. விதி அப்படி, நான் விதியைச் சொன்னேன்.

சொல்லாமல் விட்டது வேறொன்று. அரசு மானியம் பெறும் கல்லூரியில் பி.ஏ. படிக்க வருடத்துக்குச் சில ஆயிரம்தான் ஆகும். “அதுக்கு லோனே வேண்டாம்மா” என்பதுதான் அவள் கேள்விக்கு முழுப் பதில். இது எனக்கு நன்றாகத் தெரியும். 2021-இல் என் மகளை மாட்டுங்கா பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. உளவியல் சேர்த்ததே நான்தான். அந்த ஃபீஸ் ரசீதைப் பார்த்து, என் ஒரு மாதப் பெட்ரோல் செலவுக்குக் கொஞ்சம் மேலே என்று மனைவியிடம் சொன்னதுகூட நினைவிருக்கிறது.

ஏன் சொல்லவில்லை? இதைப் பலவிதமாக எனக்கே விளக்கியிருக்கிறேன்.

அவள் கடன் உண்டா என்றுதான் கேட்டாள், செலவு எவ்வளவு என்று கேட்கவில்லை. இது என் முதல் சமாதானம். ஒரு வாரம் தாங்கியது. அப்புறம், அப்பாவும் மகளும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதில் வங்கிக்காரன் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று நினைத்தேன். மழையிலும் வெயிலிலும் சைக்கிள் மிதித்த மனிதர், பிள்ளை இஞ்சினீயர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதில் என்ன தப்பு? அவர் தெருவில் ஒரு பையனுக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்து, அவன் அம்மா இட்லிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார்களாம். அண்ணாச்சிக்குப் படிப்பு என்றால் அதுதான். அந்த நினைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அப்பாவும் தமிழ் எம்.ஏ. வேண்டாம், பி.காம். படி என்றார். படித்தேன். அந்த பி.காம்.தான் இந்த வேலையைத் தந்தது. இந்தச் சம்பளத்தில்தான் புத்தகம் வாங்குகிறேன், ஹார்பர் லைன் ரயிலில் தினமும் உட்கார்ந்து படிக்கிறேன்.

இன்னொரு சமாதானமும் கிடைத்தது. இங்கே பட்டப்படிப்புச் சேர்க்கைப் பட்டியல்கள் ஜூன் மாதமே வர ஆரம்பித்துவிடும். ஆகஸ்டில் நான் சொல்லியிருந்தாலும் அவளுக்கு இடம் கிடைத்திருக்காது. வலுவான காரணம்தான். ஆனால் இதை நான் யோசித்தது இரண்டு மாதம் கழித்து, ஒரு ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது. அவள் கேட்ட நேரத்தில் என் மனதில் இது இல்லை. அந்த நேரத்தில் இருந்தவை வேறு. அண்ணாச்சியின் முகம் இருந்தது. அந்த வாரம் மேனேஜர், கல்விக்கடன் எத்தனை ஆயிற்று என்று இரண்டு முறை கேட்டிருந்ததும் இருந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்களுக்கு அதுதான் சீசன். ஐந்தரை லட்சம் ஒரு நல்ல கணக்கு. இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், விடக்கூடாது என்று தோன்றியது.

இஞ்சினீயரிங் படித்தால் பிழைத்துக்கொள்வாள் என்று நான் மனதார நம்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. மதியம் மூன்று மணிக்கு மேல் எனக்கு இன்னொரு வேலை உண்டு. தவணை கட்டாத கல்விக்கடன்காரர்களுக்கு போன் போடுவது. எதிர்முனையில் பெரும்பாலும் அம்மாதான் எடுப்பார். “பையன் டெலிவரிக்குப் போயிருக்கான் சார், வந்ததும் சொல்றேன்.” பி.இ. முடித்த பையன். அந்தப் பட்டியலைத் தினமும் பார்க்கிறவன் நான். அது தெரிந்தும் அவளுக்குப் பாதிப் பதில் சொன்னேன்.

ஆனால் சரித்திரம் படித்திருந்தால் மட்டும்? என் மகள் உளவியல் படிக்கும்போது, வேலை கிடைக்க இரண்டு வருடம் ஆனாலும் ஆகட்டும் என்று என்னால் சொல்ல முடிந்தது. மாதச் சம்பளம் வருகிறது, இருக்க வீடு இருக்கிறது. அண்ணாச்சி வீட்டில் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் மாவு புளித்துப்போகும். நான் மகளுக்குக் கொடுத்த சுதந்திரம் என் பரந்த மனதால் வந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் பாஸ்புக்கிலிருந்து வந்தது அது.

ஒவ்வொரு வருடமும் கல்லூரி டிமாண்ட் லெட்டரோடு அவர்கள் வருவார்கள். பணத்தை நேராகக் கல்லூரிக்குத்தான் அனுப்புவோம். 2024-இல் வந்தபோது அண்ணாச்சி வேறொரு தாளோடு வந்தார். தொழிற்படிப்பு படிக்கும் பெண்களுக்கு ஃபீஸ் முழுவதையும் மகாராஷ்டிர அரசே கட்டும் என்று அந்த வருடம் அறிவித்திருந்தார்கள். ஓ.பி.சி. பிரிவில் அது கிடைக்க இங்கத்திய சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு 1967 அக்டோபர் 13-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அண்ணாச்சி பம்பாய் வந்தது 1994-இல். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “பரவால்ல சார், லோன் இருக்குல்ல” என்றார். அன்று அவள் கையில் புத்தகம் இல்லை.

போன வருடம் ஜூலையில் மூன்றாம் வருடத் தவணைக்கு வந்தார்கள். டிபன் பாக்ஸில் எனக்கு இட்லி. “இப்ப நல்லாப் படிக்கா சார். கதைப்புத்தகமே தொடுறதில்ல” என்றார் அண்ணாச்சி, நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து. ஆதார் ஜெராக்ஸ் குறைந்தது. எடுத்துவர அவர் வெளியே போனார்.

இரண்டு வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம். அவர் திரும்ப ஐந்து நிமிடம் ஆகும். சொன்னேன்.

“அன்னைக்கு நீ கேட்டப்ப ஒண்ணு சொல்லாம விட்டுட்டேம்மா. பி.ஏ.வுக்கு லோனே தேவையில்ல. வருஷத்துக்குச் சில ஆயிரம்தான்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் ஒன்றும் தெரியவில்லை.

“தெரியும் சார். அப்பவே தெரியும்.”

“பிறகு ஏன் கேட்ட?”

“நான் சொன்னா அப்பா கேக்க மாட்டாரு. பேங்க் சார் வாயால வந்தா கேப்பாருன்னு நினைச்சேன்.”

நாலாம் பாகம் முடித்தாயா என்று கேட்டேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. அங்கேயே நிற்கிறது, செமஸ்டர் வந்துவிட்டது என்றாள். அண்ணாச்சி ஜெராக்ஸோடு வந்தார். நான் ஒரு லட்சத்து முப்பதாயிரத்தை அனுப்பினேன்.

பதினேழு வயதுப் பெண் விதி தெரியாமல் கேட்டாள், நான் விதியைச் சொல்லி வாயை அடைத்துவிட்டேன் என்பதுதான் அதுவரை என் வருத்தம். உண்மையில் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பேசிப் பார்த்து, தோற்று, கடைசியாக என்னிடம் வந்திருக்கிறாள். வட்டியைப் பற்றி இரண்டாவதாகக் கேட்டாளே, அதுகூட எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. அப்பாவின் கையைப் பார்த்தாள் என்று எழுதினேன். என் பதிலுக்காகத் தலை குனிந்து காத்திருந்தாளோ என்னவோ.

நான் சொல்லியிருந்தால் அண்ணாச்சி கேட்டிருப்பாரா? சேர்க்கை முடிந்திருக்கும், ஒரு வருடம் வீணாகியிருக்கும், வீட்டில் சண்டை வந்திருக்கும். அவர் வேறு கிளைக்குப் போய்க் கடன் வாங்கியிருக்கவும் கூடும். அவருக்கு அன்று நான் துணை நின்றேன் என்று சொன்னால் அதிலும் உண்மை உண்டு. பெரிய எழுத்துத் தலைப்புகளைக் காட்டி மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த மனிதர் அவர். அவரிடம் பக்குவமாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள், சொல்லாததே நல்லது, அவள் வேலைக்குப் போய்விட்டு எதை வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும் என்று தோன்றுகிறது. நான் அப்படித்தானே செய்தேன். ஆனால் நான் தமிழ் எம்.ஏ. படிக்கவே இல்லை.

நாலாம் வருட டிமாண்ட் லெட்டர் இந்த ஜூலையில் வரும். அண்ணாச்சி ஜெராக்ஸ் எடுக்கப் போகிற மாதிரி ஏதாவது ஒரு தாளைக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவரை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவர் எதிரே இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டியது அது.