பொட்டில் கேட்கும் கீச்

இன்றைக்கு ஒரு ஐயாவுக்கு இதய வால்வு மாற்று ஆபரேஷன். காதுக்கு முன்னால், எலும்பு மெல்லிசாக இருக்கும் பொட்டில் ரத்த ஓட்டத்தைச் சத்தமாக்கிக் கேட்கவைக்கும் 2 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்ட் கருவியான டாப்ளரை வைத்துக் கட்டிவிட்டு ஹெட்போனோடு உட்கார்ந்தேன், 1982-ல் ரூனே ஆஸ்லிட் காட்டிய வழிதான், மண்டையைத் திறக்காமலே மூளைத் தமனியில் ரத்தம் ஓடுவதைக் கேட்கலாம். இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் செலுத்தும் பம்ப் ஓடும்போது துடிப்பு இல்லாமல் ஒரே இரைச்சல். பெருந்தமனியை அடைத்திருந்த கிளாம்பை எடுத்ததும் கீச், கீச், கீச் என்று வரிசையாக.

ரத்தத்தோடு மூளைக்குள் ஏதோ ஒன்று போகிற சத்தம் அது. ஒவ்வொரு கீச்சும் 0.3 நொடிகூட நீடிக்காது. போவது காற்றுக்குமிழியா, கொழுப்பா, சுண்ணாம்புத் துணுக்கா என்று சத்தத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் வெறும் எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. ஆனால் சொன்னவுடனே சர்ஜன் இதயத்தில் மிஞ்சிய காற்றை வெளியேற்றப் பார்ப்பார். நெஞ்சுக்குள் கார்பன் டை ஆக்சைடு விடுவதும் இதற்குத்தான், அது ரத்தத்தில் சீக்கிரம் கரைந்துவிடும்.

கை கால் நன்றாக இருப்பவர்களுக்கும் பிறகு எடுக்கும் மூளையின் டிஃப்யூஷன் எம்ஆர்ஐ ஸ்கேனில் சில சமயம் வெள்ளைப் புள்ளிகள் தெரியும், ரத்தம் சரியாகப் போகாமல் பாதித்த சின்னச் சின்ன இடங்கள் அவை. "மறதி வந்துருமா தம்பி?" என்று நேற்று ஐயா கேட்டது நாள் முழுக்க மனதிலேயே நின்றது.

சாயங்காலம் விழித்தார். இரண்டு கையையும் தூக்கினார். அப்புறம் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.