பஸ் காசோடு வற்றாப்பளைக்கு

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு எங்கள் பக்கத்தில் நாலைந்து குடும்பம் சேர்ந்து வான் பிடித்துப் போவார்கள். வீட்டு வாசலில் ஏறினால் கோயிலடியில் இறங்கலாம். நான் அதில் பங்கு போடுவதில்லை. காசு மிச்சம் என்பதுதான் முதல் காரணம், அதை ஏன் மறைப்பான். ஆனால் பஸ்ஸில் போய்ப் பழகிய பிறகு, வானில் சும்மா இடம் தந்தாலும் ஏற மனம் வராது போலிருக்கிறது.

கிளிநொச்சியில் ஏறினால் முதலில் முறிகண்டி. ஏ9 வீதியில் போகிறவர்கள் அந்தப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டமாட்டார்கள், பஸ்ஸும் நிற்கும், அந்த நேரத்துக்குள் இறங்கிக் கும்பிட்டு, திருநீறு பூசி, ஒரு சரை கச்சானோடு திரும்ப ஏறிவிடலாம். மாங்குளத்தில் முல்லைத்தீவு பஸ்ஸுக்குக் காய வேண்டும், வைகாசி வெயிலில் அது சுகமான வேலை இல்லை. வழியில் ஒட்டுசுட்டான். நேரம் இருந்தால் தான்தோன்றீஸ்வரரையும் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன்.

முள்ளியவளையில் இறங்கி, காட்டா விநாயகரைக் கும்பிட்டுவிட்டு நடை. முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புத் தண்ணீரில் விளக்கு எரிப்பது இங்கேதான், பொங்கலன்று திங்கட்கிழமை அது வற்றாப்பளைக்குப் போகும். வழி நெடுக தண்ணீர்ப்பந்தல். சர்க்கரைத் தண்ணீரைப் பேணியால் அள்ளித் தந்த ஐயா ஒருவர், நான் குடித்து முடிக்க முன்னமே மறுபேணியை நீட்டினார். "இன்னும் தூரம் கிடக்கு தம்பி, குடியுங்கோ." காசு செலவழிக்க எங்கே இடம்?

யோசித்துப் பார்த்தால் அம்மாளாச்சியின் கதையே இப்படித்தான். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, கிழவி வடிவில் நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த பொடியன்களிடம் பசிக்கிறது என்றாளாம். அவர்கள் இருந்ததைப் பொங்கிக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது, கடல் தண்ணீரை எடுத்து ஏற்றுங்கோ என்றாள், எரிந்தது. பட்டும் பொன்னும் சாத்த வசதி உள்ளவர்கள் சாத்தட்டும், அது அவர்களின் நேர்த்தி. அவள் முதலில் சாப்பிட்டது கையில் ஒன்றுமில்லாத பிள்ளைகளிடம்.

இரவு கோயில் வெளி மணலில் பாய் விரித்தால் சரி. மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை. பக்கத்துப் பாய் ஆச்சி தாமரை இலையில் புக்கை வைத்துத் தந்தபடி, 2009இல் கடைசிச் சண்டைக்குள் இந்தக் கடலோரத்தால் எப்படி வந்தோம் என்று மெல்லச் சொல்லத் தொடங்குவா. அதற்குப் பிறகு நித்திரை எங்கே வரும், நானும் எழும்பி உட்கார்ந்து விடியவிடியக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

செவ்வாய் காலை பஸ்ஸில் கால்வைக்க இடம் இருக்காது. முள்ளியவளை வரை நடந்து, ஒரு தேத்தண்ணி குடித்து, சனம் குறைந்த பிறகுதான் நான் ஏறுவது. அன்றைக்கே வேலைக்குப் போக வேண்டியவர்கள் பேசாமல் வானில் இடம் கேட்டு வையுங்கள்.