ஒன்றரை அங்குலப் பட்டிகள்

யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியில் 1970 களின் தொடக்கத்தில் தையல் படித்த எங்களுக்குத் துணி எளிதில் கிடைக்கும் பொருளாக இருக்கவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த அந்த ஆண்டுகளில், கூட்டுறவுச் சங்கக் கடையில் வரிசையில் நின்று வாங்கிய சீத்தைத் துணியில் சட்டை வெட்டியபின் மிஞ்சும் சிறு துண்டுகூட வீட்டில் ஒரு பைக்குள் போய்ச் சேரும். கிழிந்த இடத்தில் வைத்துத் தைக்கவோ, தலையணை உறைக்குக் கரை வைக்கவோ அது என்றாவது ஒருநாள் வேண்டியிருக்கும். தையலறைக்கு நாங்கள் கொண்டுசென்றவை பெரும்பாலும் சீருடையில் மிஞ்சிய வெள்ளைத் துண்டுகளே. அவற்றில் ஓட்டத் தையல், பின்தையல், சங்கிலித் தையல் என ஒவ்வொன்றாகப் பழகினோம். எங்கள் தையல் ரீச்சர் முன்பக்கத்தைப் பார்க்குமுன்னரே, "பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டும் பிள்ளை" என்பார். அங்கே முடிச்சுத் தெரிந்தால், நூல் தாவியிருந்தால், முழுவதையும் அவிழ்த்துத் திரும்பத் தைக்க வேண்டும். அந்தக் கண்டிப்பின் அருமையை நான் முழுமையாக உணர்ந்தது ரொறன்ரோவுக்கு வந்து, துணித் துண்டுகளை இணைத்து மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வையான குயில்ற் தைக்கத் தொடங்கியபோதுதான்.

நம் கல்லூரியை 1824 இல் தொடங்கிய அமெரிக்க இலங்கை மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார், அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்து நோர்விச் நகரிற் பிறந்தவர். அது நெடிய பனிக்காலம் உள்ள நாடு; மிஞ்சிய துணித் துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைப்பது அங்கே வீட்டுப் பெண்களின் வழக்கமான வேலை. விடுதியில் தங்கிப் படித்த நம் முன்னோரான சிறுமிகளுக்கு எழுத்தோடு ஊசி வேலையும் கற்பிக்கப்பட்டது. ஆனால் யாழ்ப்பாணத்து வெயிலில் மூன்று அடுக்குப் போர்வைக்கு என்ன தேவை? குளிர்நாட்டுப் பெண்கள் கொண்டுவந்த ஊசிக்கலையைப் போர்வை இல்லாமலே நாம் கற்றோம் என்றும், அந்தப் போர்வையைச் சந்திக்க நம்மிற் பலர் கடல் கடக்க வேண்டியிருந்தது என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு.

ரொறன்ரோவில் டிசம்பர் பிற்பகுதியில் மாலை ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். பனியின் வெண்மையைவிட, வாரக்கணக்கில் நீங்காத சாம்பல் வானமே மனத்தை அழுத்துவது. சிவப்பும் மஞ்சளும் நாள்தோறும் கண்ணிற்பட வளர்ந்தவர்களுக்கு அந்த மாதங்களில் நிறம் உண்மையாகவே பசியெடுக்கிறது. அப்படியான ஒரு தை மாதத்தில், எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள தேவாலயத்தின் நிலவறையில் கூடித் தைக்கும் மூதாட்டிகளிடம் போய்ச் சேர்ந்தேன். அவர்கள் புதுத்துணி வாங்குவதில்லை. பேரப்பிள்ளைகளின் சட்டை, மேசைவிரிப்பு, சன்னற்சீலை என மிஞ்சியவை எல்லாம் அங்கே பெட்டிகளில் இருந்தன.

அவர்கள் எனக்கு முதலிற் கற்றுத்தந்த கோலம் லொக் கபின், அதாவது மரக்கட்டை வீடு. அமெரிக்காவில் 1860 களிலிருந்து பரவலாகத் தைக்கப்பட்டு வரும் இந்தக் கோலத்தின் நடுவில் ஒரு சிறு சதுரம் இருக்கும். அதை வீட்டின் கணப்படுப்பாகக் கருதிப் பெரும்பாலும் சிவப்பில் வைப்பார்கள். அதைச் சுற்றிச் சுவருக்கு மரம் அடுக்குவதுபோல ஒடுங்கிய பட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்துக்கொண்டு போக வேண்டும். எல்லாப் பட்டியும் ஒரே அகலம், நீளந்தான் மாறும். ஆகையால் வேறெதற்கும் உதவாத மெல்லிய துண்டும் இதில் இடம்பெறும். சதுரத்தின் இரு பக்கம் வெளிர் நிறங்களும், எதிர் இரு பக்கம் கடும் நிறங்களும் வரும். தைத்து முடிந்த சதுரங்களை எந்தப் பக்கம் திருப்பி அடுக்குகிறோம் என்பதைப் பொறுத்து, ஒளியும் நிழலும் சேர்ந்து வைரவடிவங்களாகவோ சாய்ந்த உழவுச் சால்களாகவோ விரியும்.

இதில் நான் கற்ற மிகப் பெரிய பாடம், நிறத்தைவிட அதன் வெளிச்சமே முதன்மையானது என்பதாகும். பச்சையோடு நீலம் சேருமா, செம்மஞ்சளோடு ஊதா சேருமா என்று நாங்கள் சேலைக்குச் சட்டை பார்ப்பதுபோல இங்கே பார்ப்பதில்லை. துண்டுகளை மேசையிற் பரப்பிக் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு பார்த்தால், எது முன்னே வந்து ஒளிர்கிறது, எது பின்னே போய் இருள்கிறது என்பது தெரிந்துவிடும். அந்தப் பிரிப்பு மட்டும் சரியாக அமைந்தால், ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை என்று எண்ணிய நூறு நிறங்களும் ஒரே போர்வையில் நிம்மதியாக இருக்கும்.

அளவு விடயத்தில் மட்டும் எந்தத் தளர்வும் இல்லை. இரண்டரை அங்குலச் சதுரத்தை நடுவில் வைத்து, ஒன்றரை அங்குலப் பட்டிகளை, இரு பக்கமும் தையலுக்குள் மறையும் கால் அங்குல ஓரம் விட்டு நான்கு சுற்றுத் தைத்தால், முடிவில் பத்து அங்குலச் சதுரம் கிடைக்கும். ஒரு சதுரத்துக்குப் பதினாறு பட்டிகள். 6 வரிசை அகலத்துக்கும் 8 வரிசை நீளத்துக்கும் 48 சதுரங்கள். மொத்தம் 768 பட்டிகள். ஓரம் கால் அங்குலத்துக்குமேல் ஒரு வீசம், அதாவது 1/16 அங்குலம், கூடினாற்கூட, குறுக்கே வரும் எட்டுத் தையல்களிலும் அது பெருகி, பத்து அங்குலம் ஒன்பதாகிவிடும். அத்தகைய சதுரம் பக்கத்துச் சதுரத்தோடு சேராது. ஒவ்வொரு பட்டியையும் தைத்த உடனே ஓரத்தை வெளிப்பக்கமாக மடித்து இஸ்திரி போட வேண்டும். பின்பக்கம் சீராக இருந்தாற்றான் முன்பக்கம் படியும். ரீச்சர் இருந்திருந்தால் மேசைக்கு மேசை வந்து திருப்பிப் பார்த்திருப்பார்.

பிற்பாடு நம் பழைய மாணவிகள் சிலர் என் வீட்டில் கூடத் தொடங்கியபோது, எங்கள் பைகளிலிருந்து வந்த துணிகளைக் கண்டு எனக்குப் பெருமிதமாக இருந்தது. மட்டக்களப்புச் சாரத்தின் கட்டங்கள், மெழுகிட்டுச் சாயமேற்றிய பத்திக் துணியின் வெடிப்புக் கோடுகள், அம்மாமாரின் நூல்சேலைத் தலைப்பு, பிள்ளைகளின் பாவாடை ஓரம் என்று ஒவ்வொரு துண்டும் ஒருவரின் பெயரோடு வந்தது. பத்திக்கையும் அடர்சிவப்பையும் முதலில் தனியாகத் துவைத்து, சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியோடு நனைத்துப் பார்ப்போம். பட்டு அழகானதுதான், ஆனால் இழை பிரியும், துவைக்கத் தாங்காது. பின்புறம் மெல்லிய ஒட்டுத்துணி வைத்தால் சுவரிற் தொங்கவிடும் வேலைக்கு உதவும். போர்த்திக்கொள்ளும் குயில்ற்றுக்குப் பருத்திக்கு நிகர் இல்லை என்பதே என் துணிபு. நடு அடுக்குக்குப் பொலியெஸ்ரரைவிடக் கம்பளி விரிப்பை நான் விரும்புவேன். பாரம் குறைவு, சூடு நிறைவு.

ஒன்ராறியோவில் இந்தக் கலையை அழியவிடாமற் காத்து வருபவர்களுள் வாட்டர்லூப் பகுதியின் மெனனைற் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்கள் முதன்மையானவர்கள். நியூ ஹாம்பர்க்கில் 1967 இல் தொடங்கிய அவர்களது நிவாரண விற்பனையில் குயில்ற் ஏலமே நடுநாயகம். அந்தப் பணம் உலகெங்கும் துயர்துடைப்புப் பணிகளுக்குப் போகிறது. அதைவிட என் நெஞ்சைத் தொட்டது அவர்கள் இடம்பெயர்ந்த மக்களுக்கென்றே தைத்தனுப்பும் எளிய போர்வைகள். 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் கொண்ட அவற்றை நுணுக்கமாகத் தைக்காமல், மூன்று அடுக்கையும் இடைக்கிடை நூலால் முடிந்துவிடுகிறார்கள். பத்துப்பேர் சுற்றியிருந்தால் ஓர் இருப்பில் முடிச்சு வேலை முடிந்துவிடும். பள்ளிக்கூட மண்டபத்தின் வெறுந்தரையிற் பிள்ளைகளைப் படுக்கவைத்த இரவுகள் நம் சமூகத்தில் எத்தனை பேருக்கு இருக்கின்றன. யாரென்றே தெரியாத ஒருத்தி உட்கார்ந்து நிறம் தேர்ந்து தைத்த போர்வை அப்படியான ஓர் இரவில் கைக்கு வந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் அறிவோம். மேலே நான் சொன்ன 48 சதுரங்களும் சரியாக அந்த 60க்கு 80 அளவையே தரும். எங்கள் குழு இப்போது தைப்பது அந்தப் போர்வைகளைத்தான்.

எங்களுக்கு ஒரு குறை உண்டு. நம்மவரின் துணிப்பைகளில் அரக்கும் கடுகு மஞ்சளும் மயிற்கழுத்துப் பச்சையும் நிறைந்திருக்கின்றன. ஒளி தரும் பக்கத்துக்கு வேண்டிய வெளிர் நிறங்கள்தாம் போதவில்லை. பழைய வேட்டி, துவைத்துத் துவைத்து நிறம் மங்கிய வொயில் சேலை, குழந்தைச் சட்டை போன்றவை வைத்திருக்கும் அக்காமாரும் தங்கைமாரும் ஒன்றரை அங்குல அகலத்துக்குக் குறையாத துண்டுகளாக, துவைத்து, கரையை நீக்கி, அடுத்த ஒன்றுகூடலுக்குக் கொண்டு வாருங்கள். பொலியெஸ்ரர் கலந்தவை வேண்டாம். இரண்டரை அங்குல நீளத் துண்டும் முதற்சுற்றுக்கு உதவும். தைக்கத் தெரியாதவர்களுக்கு வெட்டும் வேலையும் முடிச்சுப் போடும் வேலையும் நிறைய இருக்கின்றன.