டிரெடிலில் வானவில் வந்துவிட்டது

மஞ்சள் சிவப்பாகி, சிவப்பு நீலமாகிறது. நடுவில் கோடே தெரியவில்லை. ஒரே அச்சுக் கட்டை (பிளாக்), ஒரே அடி. 1967-ல் சான் பிரான்சிஸ்கோ ஆரக்கிள் காட்டிய வித்தையை காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரமான என் டிரெடில் மெஷினும் ஒருவழியாகச் செய்துவிட்டது.

ஆரக்கிள், சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதி ஹிப்பிகளின் பத்திரிகை. 1966 செப்டம்பரில் தொடங்கி 1968 பிப்ரவரியில் நின்றது; மொத்தம் 12 இதழ்தான். ஆசிரியர் கவிஞர் ஆலன் கோஹன். ஆரம்பப் பணம் அங்கே சைக்கடெலிக் ஷாப் என்ற கடையை நடத்திய தெலின் சகோதரர்களுடையது. முதல் இதழைப் பார்த்தால் அன்றைய வழக்கமான போராட்டப் பத்திரிகைதான். 1967 இதழ்களில் பக்கம் முழுக்க நிறம் கொட்டியது. நிறத்துக்கு ஒரு பிளேட் (அச்சுத் தகடு) என்று போகாமல், மைத்தொட்டியைத் தடுப்பு வைத்துப் பிரித்து, அறைக்கு ஒரு நிறம் ஊற்றி, ரோலரிலேயே கலக்க விட்டார்கள். ஓட ஓட நிறம் நகரும் என்பதால் ஒரு பிரதி மாதிரி இன்னொன்று இருக்காது.

டிரெடிலில் வில்லன், ரோலருக்கு மை கொடுக்கும் வட்டத் தகடு. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திரும்பி மையைச் சமமாகப் பரப்புவது அதன் வேலை. ஒற்றை நிறத்துக்கு அருமை. மூன்று நிறம் வைத்தால் சில அடியிலேயே எல்லாம் சேர்ந்து பழைய ரசம் நிறத்துக்கு வந்துவிடும். எனவே தகட்டைத் தள்ளும் கொக்கியைக் கம்பி போட்டுத் தூக்கிக் கட்டினேன். இப்போது ரோலர் மேலும் கீழும் மட்டும் போகிறது, நிறம் அதனதன் பட்டையில் நிற்கிறது. ஆனால் பட்டைகளின் ஓரம் கத்தி வைத்து வெட்டியது மாதிரி இருக்கும். பெரிய ஆஃப்செட்டில் பக்கவாட்டில் ஆடும் ரோலர் இதைக் கவனித்துக்கொள்ளும். இங்கே அது நம் கைதான். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் ஆரஞ்சையும் ஊதாவையும் முன்பே கலந்து மெல்லிசாக இழுத்து, கை ரோலரை அரை அங்குலம் இடம் வலமாக ஆட்டிக்கொண்டே உருட்ட வேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் போனால் போச்சு. மஞ்சளை ஒட்டி ஊதா வைக்கவே கூடாது, சேறுதான்.

மை விஷயம் தனிப் புலம்பல். கடையில் கிலோ டப்பாவுக்குக் குறைந்து தர மாட்டேன் என்கிறார்கள். நமக்கு வேண்டியது ஒரு கரண்டி! வேறு வழியில்லாமல் ஒரு அச்சகத்தில் மிச்ச டப்பாக்களைக் கேட்டு வாங்கினேன். அந்த மஞ்சள் கொஞ்சம் இறுகியிருந்தது, ஆனால் நகராமல் நின்றதென்னவோ அதுதான்.

மேலே கருப்பு எழுத்து இன்னும் ஏற்றவில்லை. நியூஸ்பிரிண்டில் வண்ணம் கையில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது, காயட்டும். அதற்குள் அடுத்த லினோவை (அச்சுக்காகச் செதுக்கும் லினோலியம் தகட்டை) வெட்ட ஆரம்பித்தாயிற்று: எழுத்தே படமாக வளைந்து நெளிகிற ஒரு முழுப் பக்கம். அதற்கு நான்கு நிறம் வேண்டும், பச்சையை எங்கே நுழைப்பது என்றுதான் யோசனை.