எட்டு புள்ளி ஒண்ணு

"ஏங்கண்ணு, நேத்து எட்டு புள்ளி ஒண்ணுன்னு போட்டுக் குடுத்தே. இன்னைக்கு ஏழு புள்ளி எட்டுங்கறே. அதே மாடு, அதே தீவனம். ஒரு ராத்திரியில பாலு எப்பிடி எளச்சுப் போவும்?"

கேட்டவர் ஒற்றை மாடு வைத்திருந்த ஒரு ஆத்தா. கையில் பால் அட்டை. நான் அந்தப் பால் கூட்டுறவுச் சொசைட்டியில் பாலைச் சோதிக்கும் டெஸ்டராகச் சேர்ந்து மூன்றாவது மாதம். முதல் நாள் அவர் பாலை நானே பார்த்து, நானே கணக்குப் போட்டேன். மறுநாள் டெஸ்ட் நான் பார்த்தேன். கணக்கு மூத்த டெஸ்டருடையது. அவர் சொன்னதை அட்டையில் எழுதியது மட்டும் நான். எங்கள் விலை அட்டவணையில் எஸ்.என்.எஃப்., அதாவது பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருளின் சதவீதம், 8.0க்குக் கீழே போனால் லிட்டர் விலை ஒரு படி இறங்கும். ஆத்தாவுக்கு அந்தப் படி தெரியும். தசமம் என்ற சொல் தெரியாவிட்டாலும், எட்டு என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது அவர் வீட்டு மளிகைக் கணக்கு.

"தண்ணி கிண்ணி ஊத்தறேன்னு நெனச்சுக்கிட்டயா?" என்று அவர் அடுத்துக் கேட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. விலை குறைந்ததைவிட, ஊருக்கு நடுவில் தன் பாலைச் சந்தேகப்பட்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

ராத்திரி ரஃப் நோட்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டு நாளும் ஒரே அளவுகள். பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர் 27, பாலின் வெப்பம் 29 டிகிரி, ஃபேட் என்கிற கொழுப்பு 4.1. எங்கள் லாக்டோமீட்டர் 27 டிகிரி வெப்பத்துக்கு அளவிட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 சேர்க்க வேண்டும். ஆகவே திருத்திய அளவு, அதாவது சி.எல்.ஆர்., 27.4. எஸ்.என்.எஃப். கணக்குக்கு அந்தச் சி.எல்.ஆரை நாலால் வகுத்து, ஃபேட்டை 0.21ஆல் பெருக்கிச் சேர்த்து, கூட 0.36 போடுவோம். (ஊருக்கு ஊர் இந்த எண்கள் கொஞ்சம் மாறும். எங்கள் பக்கம் இதுதான்.)

நான் போட்டது: 6.85, 0.861, 0.36. கூட்டினால் 8.071. கடைசியில் ஒருமுறை முழுமைப்படுத்தி 8.1.

மூத்தவர் போட்டதை வரிவரியாகப் பிரித்தேன். 27.4ஐ 27 என்று எடுத்துக்கொண்டார். நாலால் வகுத்தால் 6.75, அதை 6.7 ஆக்கினார். 0.861ஐ 0.8 ஆக்கினார். 6.7, 0.8, 0.36 சேர்ந்து 7.86. அதையும் வெட்டி 7.8. நாலு இடத்தில் நாலு சின்ன வெட்டு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் உறுத்தாது. எல்லாம் ஒரே பக்கம் விழுந்ததால் சேர்ந்து 0.27 போயிருந்தது. பால் இளைக்கவில்லை, கணக்குதான் இளைத்தது.

மறுநாள் அவரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. அவர் சொன்ன காரணத்தை இன்றும் நான் மதிக்கிறேன். "அம்மிணி, நாம இங்க உறுப்பினருக்குக் குடுக்கற காசு நம்ம டெஸ்ட்டுல. நம்மகிட்ட பால் வாங்கற ஒன்றியம் நமக்குக் குடுக்கற காசு அவிக டெஸ்ட்டுல. நாம ஒரு பாயிண்ட் கூடப் போட்டு, அவிக ஒரு பாயிண்ட் கொறச்சுப் போட்டா, நட்டம் சொசைட்டி தலையில. அதுக்குத்தான் கையடக்கமாப் போடறது." நியாயமான பயம்தான். ஒரு சொசைட்டி நட்டத்தில் விழுந்தால் அதே ஆத்தாவுக்குப் பட்டுவாடா தள்ளிப்போகும். ஆனால் அந்தப் பயத்துக்கான பணத்தைப் பால் ஊற்றுகிறவருக்குத் தெரியாமல், தசமத்துக்குள் ஒளித்து எடுக்கலாமா என்பதுதான் என் கேள்வி. சொசைட்டிக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் பொதுக்குழுவில் சொல்லி லிட்டருக்கு இத்தனை பைசா என்று வெளிப்படையாகப் பிடிக்கலாம். அளவை மாற்றக் கூடாது.

மேல்நிலைப் பள்ளியில் முக்கிய எண்ணுருக்கள், அதாவது ஒரு அளவில் நம்பி எழுதக்கூடிய இலக்கங்கள், என்ற பாடத்தை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவள் நான். 0.0041இல் எத்தனை, 4.10இல் எத்தனை, 4100இல் எத்தனை என்று எண்ணத் தெரியும். எதற்கு எண்ணுகிறோம் என்பது ஃபேட் அளக்கும் கண்ணாடிக் குழாயான பியூட்டிரோமீட்டரைக் கையில் பிடித்த பிறகுதான் புரிந்தது.

அதில் ஃபேட் பார்ப்பதற்கு ஜெர்பர் முறை என்று பெயர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நிக்லாஸ் ஜெர்பர் 1891இல் கொண்டுவந்தது. பத்து மில்லி கந்தக அமிலம், அதன் மேல் 10.75 மில்லி பால், ஒரு மில்லி அமைல் ஆல்கஹால். ரப்பர் மூடியை அழுத்தித் துணி சுற்றிக் குலுக்கினால் குழாய் கையைச் சுடும், உள்ளே எல்லாம் காப்பி நிறமாகும். பிறகு மெஷினில் ஐந்து நிமிடம் சுற்றி, 65 டிகிரி வெந்நீரில் நிறுத்தி எடுத்தால் கழுத்துப் பகுதியில் மஞ்சளாக ஒரு தூண் நிற்கும். அந்தத் தூணின் அடியைக் கோட்டுக்கு நேராக வைத்து மேலே படிக்க வேண்டும். கோடுகள் 0.1க்கு ஒன்று. கண் கூர்மையாக இருந்தால் இரண்டு கோட்டுக்கு நடுவில் பாதியைச் சொல்லலாம், அதற்கு மேல் முடியாது. என் புடவைகளில் விழுந்த அமில ஓட்டைகளுக்கு ஈடாக நான் கற்ற பாடம் இது: 4.1 என்று நான் எழுதினால் நாலு உறுதி, ஒன்று என் கண் சொன்னது. அதற்குப் பின்னால் இருக்கும் இலக்கம் எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது, தெரிந்ததை விடவும் கூடாது.

இரண்டாவது பாதியையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சரியாக நாலாவது கோட்டில் நின்ற பாலுக்கு அட்டையில் வெறும் "4" என்று எழுதும் பழக்கம் எங்களிடம் இருந்தது. 4 என்றால் மூன்றரையிலிருந்து நாலரை வரை எதுவாகவும் இருக்கலாம். 4.0 என்றால் பத்தில் ஒரு பங்குவரை பார்த்துவிட்டேன், அங்கே சுழியம்தான் இருந்தது என்று பொருள். அந்தச் சுழியத்துக்காக நான் குழாயைக் குலுக்கி, சுற்றி, வெந்நீரில் வைத்திருக்கிறேன். அது என் ஐந்து நிமிட வேலை. அதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை.

லாக்டோமீட்டர் இன்னும் கரடு. கோடு ஒன்றுக்கு ஒன்று. நுரையோடு அசைகிற பாலில் அரை டிகிரி தவறுவது சாதாரணம். அரையை நாலால் வகுத்தால் 0.125. அப்படியானால் என் 8.071 கீழே 7.946 வரை போகலாம், எட்டே உறுதியில்லை. தசமத்தின் முதல் இலக்கமே ஆடும். அடுத்த இரண்டும் காகிதத்தில் பிறந்தவை. பாலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. நான் போட்ட 8.1 சரி, ஆனால் மறுபடி பார்த்தால் 8.0, ஏன் 7.9கூட வந்திருக்கலாம். மூத்தவர் தவறு என்று நிரூபித்த மகிழ்ச்சியில் இருந்த எனக்கு இது புரிய இன்னும் சில மாதங்கள் ஆயின. ஒரு படி விலையை ஒரே ஒரு அளவின் ஆடுகிற இலக்கத்தில் கட்டித் தொங்கவிடுவது சரியில்லை. அதனால் 7.9, 8.0 என்று கோட்டை ஒட்டி வருகிற பாலை இரண்டாம் முறை பார்த்துவிட்டே எழுதுவது என்று வழக்கம் வைத்துக்கொண்டேன். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். தங்கள் பால் கோட்டை ஒட்டி வந்த நாளில் முணுமுணுக்கவில்லை.

இதற்கெல்லாம் எழுதப்பட்ட விதி உண்டா என்று தேடியபோது ஒரு பயிற்சி வகுப்பில் விடை கிடைத்தது. இந்தியத் தரநிலைகளில் எண் 1 தேசியக் கொடிக்கானது. எண் 2 எதற்குத் தெரியுமா? எண்களை முழுமைப்படுத்துவதற்கு. கொடிக்கு அடுத்த இடத்தை நாடு இதற்குக் கொடுத்திருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. சிமெண்டோ, கம்பியோ, பாலோ, பெரும்பாலான இந்தியத் தரநிலைகளின் முன்னுரையில் ஒரு பத்தி வரும்: சோதனையின் இறுதி மதிப்பை ஐ.எஸ். 2இன்படி முழுமைப்படுத்து, தரநிலையில் குறித்த மதிப்பில் எத்தனை முக்கிய இலக்கமோ அத்தனையே வை. அதில் "இறுதி மதிப்பு" என்ற சொல் எனக்குப் போதும். நடுவில் எங்கும் தொடாதே, கடைசியில் ஒரே தடவை செய் என்பதுதான் நான் ரஃப் நோட்டில் தட்டுத்தடுமாறிக் கண்டது.

சரியாக ஐந்தில் முடிந்தால் என்ன செய்வது என்பதும் அதில் இருக்கிறது. ஐந்துக்குப் பின் ஒன்றுமில்லை என்றால், முன் இலக்கம் இரட்டைப்படையாக நிற்கும்படி செய்ய வேண்டும். 6.75 என்றால் 6.8, 6.25 என்றால் 6.2. ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. பள்ளியில் படித்தபோது வேண்டாத வேலையாகத் தெரிந்த விதி. பால் கணக்கில் அதன் அவசியம் கண்ணெதிரே நிற்கும். முழு எண்ணாக வரும் சி.எல்.ஆரை நாலால் வகுத்துப் பாருங்கள்: 25க்கு 6.25, 26க்கு 6.5, 27க்கு 6.75, 28க்கு 7. நாலில் இரண்டு, இரண்டாம் தசமத்தில் சரியாக ஐந்தில் முடிகின்றன. எப்போதும் ஏற்றினால் சொசைட்டி கொடுக்கும், எப்போதும் இறக்கினால் ஊர் கொடுக்கும்.

கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தையில் இதே வெட்டு ஒரு குறியீட்டையே கவிழ்த்தது. 1982 ஜனவரியில் 1000 என்று தொடங்கிய குறியீடு. வியாபாரம் நடக்க நடக்க அதைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, மூன்று தசமத்துக்கு மேலானதை முழுமைப்படுத்தாமல் வெட்டிவிட்டார்கள். 1983 நவம்பரில் அது 524இல் கிடந்தது. சரியாகக் கணக்கிட்டபோது 1098.892 வந்தது. சந்தை ஏறியிருக்க, எண் மட்டும் பாதியாகியிருந்தது. பல வருடம் கழித்து இதைப் படித்தபோது எங்கள் சொசைட்டியின் லிட்டர் கணக்குதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அதுதான் எனக்கு இன்னும் ஆறாதது. அளக்கும்போது நூறு மில்லிக்குக் கீழே உள்ளதை விட்டுவிடுவது வழக்கம். 2.37 லிட்டர் என்றால் 2.3. ஒருவருக்கு ஒரு வேளைக்குச் சராசரியாக 50 மில்லி போகும். இருநூறு பேர், காலை மாலை இரண்டு வேளை என்றால் ஒரு நாளைக்கு 20 லிட்டர். அது யாரும் திருடிய பால் இல்லை. சொசைட்டியின் உபரியில் சேர்ந்து, ஒரு பங்கு போனசாகத் திரும்பியது. ஆனால் போனஸ், ஊற்றிய அளவுக்கு ஏற்பப் பிரிக்கப்படும். 40 லிட்டர் ஊற்றுகிறவருக்கு 50 மில்லி என்பது நூற்றில் 0.125 பங்கு. இரண்டு லிட்டர் ஊற்றுகிற ஆத்தாவுக்கு அது இரண்டரைப் பங்கு. இருபது மடங்கு. எல்லோருக்கும் ஒரே மாதிரி வெட்டு என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த ஒன்று, ஒற்றை மாட்டுக்காரரிடமிருந்து வாங்கிப் பண்ணைக்காரருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. செயலாளரிடம் கணக்கை எழுதிக் கொடுத்தேன். "எல்லாப் பக்கமும் இதுதானே வழக்கம்" என்றார். கை அளவைக் காலம் முழுக்க அதை என்னால் மாற்ற முடியவில்லை.

மாற்றியது மின் தராசு. கூடவே பால் அனலைசரும் வந்தது. அமிலம் இல்லை, சுற்றல் இல்லை. ஒரு நிமிடத்துக்குள் ஃபேட் 4.13 என்று திரையில் வரும். ஊரே அந்த மூன்றை நம்பியது. "நேத்து நாலு பதிமூணு, இன்னைக்கு நாலு சைபர் ஒம்பது, ஏனுங்க?" என்று சண்டை தொடங்கியது. ஒரு நாள் ஒரே கேனிலிருந்து ஐந்து தடவை எடுத்து எல்லோர் முன்பும் ஓட்டிக் காட்டினேன். 4.08, 4.15, 4.11, 4.02, 4.17. பால் மாறவில்லை என்பதை அவர்களே பார்த்தார்கள். மெஷினின் கையேட்டிலேயே ஃபேட்டுக்கு 0.1 முன்பின் இருக்கும் என்று போட்டிருந்தது. திரையில் இரண்டு தசமம் காட்டுவது திரையின் வசதி. மெஷினுக்குத் தெரிந்தது ஒரு தசமம்தான்.

அப்புறம் கம்ப்யூட்டர் பில். மென்பொருள் போட வந்த பையன் நல்ல பொறுமைசாலி. பழைய நோட்டிலிருந்து முப்பது பால் அளவுகளைக் கையால் கணக்கிட்டு வைத்திருந்தேன். அவற்றை உள்ளே போட்டு ஒப்பிடச் சொன்னேன். முப்பதில் மூன்று பாலுக்கு ஒரு புள்ளி குறைந்து வந்தது. "ஒரு புள்ளிதானே மேடம்" என்றான். எந்த வரியில் முழுமைப்படுத்துகிறாய் என்று கேட்டேன். ஒவ்வொரு வரியிலும் என்றான். எடுத்துவிட்டுக் கடைசி வரியில் மட்டும் வை என்றேன். பத்து நிமிட வேலை. "இப்பப் பாருங்க மேடம், எதைப் போடட்டும்?"

நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். சி.எல்.ஆர். 27.4, ஃபேட் 4.1.

திரையில் 8.1 வந்தது.