மூன்று கிழமை எஞ்சினோடு மல்லுக்கட்டிய கதை

எட்டடிக்கு நாலடி பிளைவூட் பலகை. அதன் மேல் பொம்மை ரயில் ஓட இரண்டு வட்டத் தண்டவாளம், ஒரு ஸ்டேஷன், காகிதக்கூழில் செய்த ஒரு மலை, மலைக்குள் ஒரு சுரங்கம். மாமா 1979இல் லண்டனிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த ஹோர்ன்பி, ட்ரையாங் கம்பனிகளின் பொம்மை ரயில் சாமான்களை வைத்து வெள்ளவத்தை வீட்டு மேல்மாடியில் கட்டியது. 83 ஆடிக்குப் பிறகு அவர் கனடா போய்விட்டார். அந்தக் கலவரத்தில் கீழ்வீட்டில் ஒரு கதிரைகூட மிஞ்சவில்லை, மேல்மாடி ஸ்டோர் அறையில் சுவரோடு சாய்த்து வைத்திருந்த இது மட்டும் எப்படியோ தப்பிவிட்டது. அதற்குப் பிறகு பழைய படுக்கை விரிப்பொன்றைப் போர்த்தியபடி நாற்பது வருடம் அப்படியே நின்றது.

எங்கள் ஒழுங்கையின் முடிவில் மெரின் டிரைவ், அதற்கு அப்பால் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். ஜன்னல் கம்பியே ஐந்து வருடத்தில் அரித்துப்போகிற இடம் இது. நாற்பது வருடம் நின்ற தண்டவாளம் எப்படி இருக்கும் என்று நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எஞ்சின்தான் கண்ணில் பட்டது: ஜின்டி என்று சொல்வார்களே, ஆறு சக்கரக் கறுப்பு டாங்க் எஞ்சின், அது. மகளுக்கும் அதைத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுத்து எஞ்சினை ஓட்டும் மாமாவின் பழைய கன்ட்ரோலரை நான் செருகவே இல்லை. 230 வோல்ட் வயரின் ரப்பர் கையோடு உதிர்ந்தது, அதில் பரிசோதனை வேண்டாம். முதலாம் குறுக்குத் தெருவில் 12 வோல்ட் 2 அம்பியர் அடாப்டர் ஒன்றும், மோட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன சர்க்கிட் ஒன்றும், முன்னுக்குப் பின்னுக்கு மாற்ற ஆறு கால் சுவிட்ச் ஒன்றும் வாங்கி, இடையில் ஒரு பியூஸும் போட்டு, சாப்பாட்டு டப்பா ஒன்றுக்குள் அடைத்துவிட்டேன். பார்க்க அசிங்கம்தான், வேலை செய்கிறது. (இந்த வகை சர்க்கிட் பழைய முரட்டு மோட்டர்களுக்குப் பரவாயில்லை. கோர்லெஸ் மோட்டர் (சுழலும் சுருளுக்குள் இரும்பு இல்லாத வகை) உள்ள புது எஞ்சின்களுக்குக் கொடுக்க வேண்டாம், சூடேறிவிடும்.)

எஞ்சினை வைத்தேன். ஒரு சாண் ஓடி நின்றது. தள்ளினால் இன்னொரு சாண். சரி, மோட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டி, அன்று இரவே கழற்றினேன். இதுதான் மூன்று கிழமை மல்லுக்கட்டின் தொடக்கம்.

அதற்குள் இருப்பது எக்ஸ்04 மோட்டர். மூடியே இல்லாத திறந்த மோட்டர் என்பதால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சுழலும் சுருளுக்குக் கரண்ட் கொடுக்கும் செப்புக் கொமுட்டேட்டர் கரிப்பிடித்த தாச்சிபோல் இருந்தது. பாமசியில் வாங்கிய ஐசோப்ரொபைல் அல்கஹோலைக் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்தேன், மூன்று பிளவுகளுக்குள்ளும் பல்லுக்குச்சியால் சுரண்டினேன், அதைத் தொடும் கரித்துண்டுகளை அழுத்தும் ஸ்பிரிங்கை நிமிர்த்திவிட்டேன். கியரில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது, அதைக் கிளறி எடுத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி, ஊசி முனையால். இதெல்லாம் சரிதான். ஆனால் அந்த உற்சாகத்தில் காந்தக் கட்டியையும் கழற்றித் துடைத்து மாட்டினேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது. பூட்டி ஓடவிட்டால் முன்னையைவிட மோசம், இரண்டு நிமிடத்தில் கை வைக்க முடியாத சூடு.

டொரொன்டோவுக்கு அழைப்பு எடுத்தேன். மாமாவுக்கு எண்பத்திரண்டு வயது, காது கொஞ்சம் மந்தம், ஆனால் இந்த விஷயத்தில் எல்லாம் கேட்கும்.

"தம்பி, காந்தத்தைக் கழட்டினியோ?"

"ஓம் மாமா."

"ஐயோ. அதைக் கழட்டக்கூடாதடா. இரும்புத் துண்டை விட்டு வெளியில எடுத்தா அதுக்குச் சத்துப் போயிடும்."

பழைய காந்தங்களுக்கு அப்படித்தானாம். இரு பக்கமும் இரும்பு மூடியிருக்கும் வரைக்கும்தான் பலம், வெளியே எடுத்தால் ஒரு பங்கு போய்விடும், திரும்ப மாட்டினாலும் வராது. கடைசியில் சின்ன நியோடிமியம் காந்தங்களை இரும்புத் தகட்டோடு அடுக்கி, அதே உயரத்துக்குக் கொண்டுவந்து செருகினேன். முதல் தடவை வடக்குத் தெற்கு மாறிவிட்டது, முன்னுக்கு என்றால் பின்னுக்குப் போனது. மகள் சிரித்த சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. திருப்பி வைத்ததும் மோட்டர் நன்றாகச் சுழன்றது, சூடும் இல்லை. தண்டவாளத்தில் வைத்தேன். இரண்டு சாண் ஓடி நின்றது.

அப்போதுதான் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தேன். வெட்கக்கேடு.

மாமா அன்று அழைப்பை வைக்கும் முன் சொன்ன கடைசி வார்த்தை "ரெயிலைப் பார், எஞ்சினை இல்லை" என்பதுதான். நான் மல்டிமீற்றரை எடுத்து வட்டம் முழுக்கக் குத்திப் பார்த்தேன், எங்கும் 11.9 வோல்ட், அதனால் தண்டவாளத்தில் பிழையில்லை என்று நினைத்துவிட்டேன். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுவார்கள். ஒன்றும் ஓடாதபோது மீற்றர் எடுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை, துருப்பிடித்த இணைப்பைக்கூட வோல்ட் கடந்து வந்துவிடும். பாரம் ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். பஞ்சிகாவத்தையில் காருக்குப் போடும் 12 வோல்ட் 5 வாட் பல்ப் ஒன்று வாங்கி, இரண்டு வயரில் முதலைக் கிளிப் மாட்டி, தண்டவாளத்தில் கவ்வவிட்டு, அதன் பிறகு அளந்தேன். கரண்ட் கொடுக்கும் இடத்தில் 11.6. எதிர்க்கோடியில், சுரங்கத்துக்குப் பக்கத்தில், 6.2. பல்ப் அங்கே தணல்போல் சிவந்து கிடந்தது.

கணக்குப் போட்டால் ஆச்சரியம் இல்லை. வெளி வட்டத்தில் 24 துண்டுகள், இணைப்புக்கு இரண்டு வீதம் 48 பிஷ் பிளேட். ஒவ்வொன்றும் வெறும் மடித்த தகடு, கரண்ட் எல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை வைத்துப் பார்த்தால் வெளி வட்டம் முழுக்க இரும்பு, பிடித்துக்கொண்டது. உள் வட்டத்தில் பாதி நிக்கல் சில்வர், பிடிக்கவில்லை, துருவும் இல்லை. (பெயரில்தான் சில்வர். உள்ளே செம்பும் நிக்கலும் நாகமும்தான்.)

ஒன்பது துண்டுகள் குழி விழுந்து போயிருந்தன, தூக்கி எறிந்தேன். மிச்சத்தை முதலில் அரத்தாளால் தேய்த்தது என் அடுத்த மடத்தனம். பளபளவென்று வந்தது, இரண்டே நாளில் அந்தக் கீறல்களுக்குள் கறுப்பு அப்பிக்கொண்டது. பிறகு ஹார்ட்போர்ட்டின் சொரசொரப்பான பின்பக்கத்தை விரல் அளவு வெட்டி, அல்கஹோல் தொட்டு, பொறுமையாகத் தேய்த்தேன். அது போதும். பெட்டிகளின் சக்கரங்களுக்கும் அதே அல்கஹோல்தான். ஒரு பெட்டிக்கு மட்டும் சோம்பலில் மனைவியின் நெயில் பொலிஷ் ரிமூவரை எடுத்தேன், அந்தப் பெட்டியின் ஜன்னல்கள் இப்போது பனிக்கால நுவரெலியா மாதிரி இருக்கின்றன.

புது பிஷ் பிளேட்டும் மாற்றுத் துண்டுகளும் லண்டனிலிருந்து வந்த மச்சானின் சூட்கேசில் வந்தன. ஆனால் பிஷ் பிளேட்டை மட்டும் நம்பினால் இந்தக் கடற்காற்றில் திரும்பவும் அதே கதைதான், கீழிருந்து பல இடங்களில் வயர் கொடுக்க வேண்டும். பலகையைப் பக்கவாட்டில் நிமிர்த்தி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மாமா கொடுத்தது ஒரே ஒரு சோடி வயர். அது போக ஆறு இடத்தில் சோடி சோடியாகத் துளை போட்டிருந்தார், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் "பிறகு" என்று எழுதியிருந்தது. ஆறு தடவை.

நான் புதிதாகத் துளை போடவில்லை. பழைய நெட்வேர்க் கேபிளைக் கிழித்தெடுத்த ஒற்றைக் கம்பிகளை அந்தத் துளைகளுக்குள்ளாகவே மேலே எடுத்து, தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் ஈயம் பிடித்தேன். சோல்டரிங் அயன் இரண்டு செக்கனுக்கு மேல் நின்றால் பிளாஸ்டிக் சிலிப்பர் கட்டை உருகும். முதல் இடத்தில் இரண்டு கட்டைகள் உருகின, அதற்குப் பிறகு இரு பக்கமும் நனைத்த பஞ்சு வைத்தேன், கட்டைகள் தப்பின. கீழே தடித்த வயர் இரண்டு சுற்றி ஓடுகிறது, ஆறு சோடியும் அதில் சேருகின்றன. இப்போது பல்ப் எங்கே கவ்வினாலும் 11.4க்குக் கீழே போவதில்லை.

ரயிலை ஒரு பாதையிலிருந்து மற்றதுக்கு மாற்றும் பொயின்ட்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நகரும் நாக்கு பக்கத்துத் தண்டவாளத்தைத் தொட்டால்தான் அந்தப் பக்கப் பாதைக்குக் கரண்ட் போகும், இடையில் அழுக்கு. கடதாசியை மடித்து நனைத்து இழுத்தேன், நாலில் மூன்று சரி. நாலாவது இன்னும் அடம் பிடிக்கிறது.

எங்கள் நாட்டு எம்2, 1950களில் கனடா தந்தார்களே, அந்த மாதிரி ஒரு எஞ்சின் இதில் ஓட வேண்டும் என்பது மகளின் ஆசை. ஆசைதான். எங்களுடைய ரயில் பாதை 1676 மில்லிமீற்றர் அகலம், இந்தப் பொம்மை ரயிலின் அளவுப்படி 76இல் ஒன்றாகச் சுருக்கினால் 22 வரும், இதுவோ 16.5. எம்2வை இதில் ஏற்றினால் பெரிய ஆள் சின்னப் பிள்ளையின் செருப்பைப் போட்ட மாதிரி இருக்கும். பரவாயில்லை என்கிறாள்.

போன ஞாயிறு பின்னேரம் வீடியோ அழைப்பில் மாமாவுக்குக் காட்டினோம். ஜின்டி நாலு பெட்டியை இழுத்துக்கொண்டு நிற்காமல் இருபது சுற்று. வெளியே மாத்தறைப் பக்கம் போகிற கோச்சி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது, அது போய் முடியும் வரை மாமா ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"சுரங்கத்துக்குப் போற வளைவில ஏன் அது தலையாட்டுது?"

மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன். அந்த மூலையில் பிளைவூட் மூன்று மில்லிமீற்றர் தொய்ந்திருக்கிறது. இந்தக் கிழமை அடியில் குறுக்குச் சட்டம் ஒன்று அடிக்க வேண்டும்.