சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் ஒன்று, நேரம் பல

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். எங்கே தேடினாலும் இந்த எண் மாறுவதில்லை. பயண நேரம் மட்டும் ஓரிடத்தில் 17 மணி என்றும் இன்னோரிடத்தில் 19 மணி என்றும் வருகிறது. இதற்கு விடை தேடித்தான் மேசையிலிருந்த பூகோள உருண்டையை அருகில் இழுத்து, ஒரு நூலின் இரு முனைகளையும் இவ்விரு ஊர்களின் மேல் அழுத்திப் பிடித்தேன்.

தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்தால் இந்தியப் பெருங்கடல், சஹாரா, அட்லாண்டிக் என்று கோடு போகும். நூலோ, இறுக்க இறுக்க உருண்டையின் மேல் வழுக்கி ஏறி, வடதுருவத்தை ஒட்டிப் போய் நின்றது. சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும் நியூயார்க் மேற்கு 74 பாகையிலும் இருப்பதால், இரண்டுக்கும் இடைவெளி 178 பாகை. அது 180 ஆக இருந்திருந்தால் மிகக் குறுகிய வழி துருவத்தின் மேலேயே சென்றிருக்கும்.

இதனால் தூரத்தைத் தாளிலேயே கணக்கிட்டுவிடலாம். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை, ஆக மொத்தம் 138. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஒரு கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,335 கிலோமீட்டர் வருகிறது. இவ்வளவு பெரிய தூரத்தில் பிழை சுமார் 15 கிலோமீட்டர்தான் என்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் 17 மணி கிடைக்கிறது. இணையக் கணிப்பான்கள் தருவதும் இத்தகைய வகுத்தல் விடைதான். ஆனால் இந்தத் தடத்தில் 2020 நவம்பர் முதல் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கால அட்டவணை 18 மணிக்கும் மேலாகவே காட்டுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் மேலேறி இறங்குவதும் நேரத்தைக் கூட்டுகின்றன என்றாலும், பெரிய காரணம் காற்று. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் சில நாட்களில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். அதனால்தான் நியூயார்க் செல்லும் விமானம், தூரம் கூடினாலும் பரவாயில்லை என்று, பல நாட்களில் பசிபிக் பெருங்கடலின் மேல் கிழக்கு நோக்கிச் செல்கிறது. லண்டனிலிருந்து நியூயார்க் போவதற்குத் திரும்பி வருவதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஆவதும் இதே காற்றால்தான்.

இப்பயணத்துக்கென்றே அமைந்த ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருளைச் சுமக்கக்கூடியது. எடையைக் கட்டுக்குள் வைக்க அதில் 161 இருக்கைகளே உள்ளன.

டிக்கெட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின்படி இருப்பதால், அவற்றை நேரடியாகக் கழித்துப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். குளிர்காலத்தில் சிங்கப்பூர் 13 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறந்தவர், நியூயார்க்கில் அதே தேதியின் காலை ஐந்தரை மணிக்கு இறங்குவார். அங்கிருந்து இரவு 10 மணிக்குப் புறப்பட்டு அதே அளவு நேரம் பறந்தால், இறங்குவது மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு.